தோட்டத்துக் கோயிலும் தாய்மொழியும்

கோயிலில்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயின், கடல் கடந்து மலாயாவுக்கு வந்த நம் பாட்டன் பாட்டியர்க்கு முதலில் கிடைத்தது ஊர் அன்று, காடு. அவர்கள் காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். தோட்டத்தின் நடுவே கோயிலை எழுப்பினர். கோயில் எழுந்த பின்னரே தோட்டம் அவர்களுக்கு ஊராயிற்று. இவ்வரலாற்றைச் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியாகிய சபாக், கோல சிலாங்கூர் வட்டாரங்களை நிலைக்களனாகக் கொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு எண்ணும்போது ஒரு வினா நம்முன் எழுகின்றது. நூறாண்டுகளுக்கும் மேலாக நம் சமய வாழ்வை இம்மண்ணில் காத்து நின்றது எது? கட்டடமா? பூசையா? அன்றி, வேறொன்றா?

ஆற்றங்கரைத் தோட்டங்கள்

சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் எல்லையாக ஓடுவது பெர்ணம் ஆறு. அதன் தென்கரையில் சபாக் வட்டாரம் அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்தால் பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங். கடலோரத்தில் தென்னையும் நெல்லும், உள்நிலத்தில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் இவ்வட்டாரத்தின் வாழ்வாயின. டென்மார்க்கு நாட்டுப் பொறியாளரான வெஸ்டென்ஹோல்ஸ் என்பார் 1906இல் பெர்ணம் ஆற்றுப் பகுதியில் ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கினார். 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, சிலாங்கூர் ஆற்றங்கரையில் இரப்பர் பயிரிட்டார். மலேசியாவின் முதல் வணிக நோக்கிலான செம்பனைத் தோட்டம் 1917இல் அவரால் கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே உருவாக்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னைமரம்’ என்பதாகும். முதலாளி பிரெஞ்சுக்காரர், மண் மலாய் மண், பயிர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பெயர் மட்டும் தமிழ். அங்கே உழைத்த கைகள் யாருடையவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறையை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணி முறையே பெருவழக்காயிற்று. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தான். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு இம்முறைக்குத் தடை விதிக்கும்வரை இவ்வரவு நின்றபாடில்லை. ஒரே ஊரார் ஒரே தோட்டத்தில் குடியேறியதால், அவ்வூரின் வழக்கங்களும் உடன் குடியேறின. அவ்வூரின் தெய்வங்களும் உடன் வந்தன.

தெய்வங்களும் கப்பலேறின

தோட்டத்துக் கோயில்களில் நாம் காணும் தெய்வங்கள் பெரும்பாலும் ஊர்த் தெய்வங்களே. மாரியம்மன், காளியம்மன், முனீசுவரர், மதுரை வீரன், அய்யனார் ஆகியோர் முன்நிற்பர். தெலுங்கர் மிகுதியாக வாழ்ந்த கீழ்ப்பேராக்குத் தென்னந்தோட்டங்களில் இராமர் கோயில்கள் தோன்றின. இவற்றுள் மாரியம்மனுக்கே முதலிடம் வாய்த்தது. காரணம் வெளிப்படை. அக்காலத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலும் பிற நோய்களும் மக்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் கொசுவொழிப்புப் பணியை 1901இல் தொடங்கிய பின்னரும், அப்பயன் எல்லாத் தோட்டங்களையும் எட்டப் பல்லாண்டுகள் சென்றன. மழைக்கும் நோய்க்கும் உரிய தெய்வமாகத் தாயகத்தில் போற்றிய மாரியையே மக்கள் இங்கும் அழைத்தனர். அம்மை கண்ட பிள்ளையின் பாயருகே வேப்பிலையை வைத்து, மாரியம்மன் தாலாட்டைப் படித்தனர்.

தோட்டக் கோயில் ஒரே நாளில் எழுந்ததன்று. முதலில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் நிற்கும். பின்னர் அத்தாப்புக் கூரை வரும். அதன் பின்னர்த் தகரக் கொட்டகை. இறுதியில் செங்கல்லும் சிமிட்டியும். தோட்ட நிருவாகத்தார் பலர் கோயிலுக்கு இடமும் மரமும் தந்து உதவினர். திருவிழாவுக்கு விடுமுறையும் அளித்தனர். இது முற்றிலும் பக்தியின்பாற்பட்டதன்று. கோயிலுள்ள தோட்டத்தை விட்டு ஆள்கள் எளிதில் போகார் என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். ஆயின், இடத்தைத் தந்தவர் உரிமையைத் தரவில்லை. நிலப்பட்டா நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. அன்று அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. இதன் விளைவு ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்தே புலனாயிற்று.

பாட்டாளியே பூசாரி

தோட்டத்துத் திருவிழாவை நுணுகி நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அங்குப் பார்வையாளர் என்று எவரும் இலர். பூசாரி, காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்தவர். உடுக்கையடிப்பவர் மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர். பம்பையும் உறுமியும் முழக்குவோர் லயத்து இளைஞர். கூழ் காய்ச்சுவோர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை கோயில் பணமாகச் சேர்ந்தது. கொடியேற்றம், காப்புக் கட்டுதல், கரகம், பால்குடம், தீமிதி, அன்னதானம், மஞ்சள் நீராட்டு என ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. இப்பங்கீட்டில் சாதி வேற்றுமையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. யார் தேர்வடம் பிடிப்பது, யார் வீட்டுப் பூசை முதலில் வருவது என்பன பற்றிப் பூசல்கள் எழுந்ததுண்டு. ஆயினும், கோயிலை நடத்துவது நம் கடன் என்னும் உணர்வு அனைவர்க்கும் பொதுவாக இருந்தது.

இவ்வுணர்வின் உறுதி 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் சோதிக்கப்பட்டது. சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட இரயில் பாதைப் பணிக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. ஆண்கள் இல்லாத லயங்களில் விளக்கேற்றும் வழக்கத்தை விடாது காத்தவர் பெண்களே. எழுதப்பட்ட வரலாறுகள் இவர்களைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை.

பள்ளியும் கோயிலும்

கோயிலுக்கு அருகிலேயே பிறந்தது தமிழ்ப் பள்ளி. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என விதித்தது. சட்டத்தை நிறைவேற்ற நிருவாகங்கள் செய்த ஏற்பாடு பல இடங்களில் மிக எளியது. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், அவ்வளவே. அவர் கங்காணியாக இருக்கலாம், கிராணியாக இருக்கலாம். பின்னாளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தனர்.

அந்த ஆசிரியர் பள்ளியோடு நின்றாரல்லர். ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவர் அவர். திருவிழா அழைப்பிதழுக்கு வாசகம் அமைத்தவரும் அவரே. மாலையில் கோயில் மண்டபத்தில் பாரதமும் இராமாயணமும் படித்துப் பொருள் கூறியவரும் அவரே. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலிய பெரிய எழுத்து நூல்கள் கப்பல் வழியே வந்து லயங்களில் கைமாறின. எழுத்தறியாதார் கேட்டு மனத்திற் கொண்டனர்; எழுத்தறிந்த பிள்ளைகள் படித்துக் காட்டினர். பள்ளி தந்த எழுத்துக் கோயிலில் பயன்பட்டது. கோயில் தந்த கதை பள்ளிக்குப் பொருள் சேர்த்தது. நம் சமயம் இங்கு நிலைபெற்றதன் திறவு இவ்விணைப்பில்தான் இருந்தது என்பது என் துணிபு.

இவ்விணைப்பின் ஆற்றலை நமக்கு முன்னரே உணர்ந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்து 1879இல் மறைந்த அப்பெருமகனார், சைவம் தளர்வது கண்டு கோயிலைப் பெரிதாக்க முனையவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சுக்கூடம் கண்டார். பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். சிறுவர் தம் மொழியில் படித்துணரும் சமயமே நிலைக்கும் என்பது அவர் கண்ட வழி.

சீர்திருத்தக் குரல்கள்

தோட்டத்துச் சமயம் கேள்விக்கு உட்படாமல் இருந்ததில்லை. பெரியார் ஈ. வெ. ரா. 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954ஆம் ஆண்டின் இறுதியிலும் மலாயாவுக்கு வந்தார். அவர்தம் கருத்துகளும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழும் உயிர்ப்பலி, சாதி வேற்றுமை, வீண் செலவு ஆகியவற்றைக் கடுமையாக எதிர்த்தன. மறுபுறம், சமயத்துக்குள்ளிருந்தே சீர்திருத்தம் நாடிய அமைப்புகளும் எழுந்தன. சுவாமி சத்தியானந்தர் 1950ஆம் ஆண்டளவில் சுத்த சமாஜத்தை நிறுவிக் கல்வியையும் அறப்பணியையும் இணைத்தார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் இங்குக் கிளை கண்டது. அதன் நிறுவுநரான சுவாமி சிவானந்தர், துறவு பூணுமுன் 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, தோட்டத் தொழிலாளர்க்கும் மருத்துவம் செய்தவர். 1965இல் மலேசிய இந்து சங்கம் தோன்றியது. அது நடத்தும் திருமுறை ஓதும் விழா, வட்டாரம், மாநிலம், நாடு என்னும் படிநிலைகளில் மாணவர்களைத் திருமுறை பாட வைக்கின்றது.

இவர்களுள் எக்கட்சியை நாம் ஏற்பினும், ஒன்றை ஒப்புதல் வேண்டும். அனைவரும் மக்களிடம் தமிழிலேயே பேசினர். மறுத்தவரும் தமிழில் மறுத்தனர். காத்தவரும் தமிழில் காத்தனர். அதனாற்றான் தோட்டத்துப் பாட்டாளி அவ்வாதத்தைக் கேட்டுத் தானே முடிவு செய்ய முடிந்தது. பல கோயில்களில் உயிர்ப்பலி நின்றதும், சில கோயில்களில் அது தொடர்ந்ததும் அம்மக்கள் தாமே எடுத்த முடிவுகள்.

தோட்டம் கலைந்தது

நாடு 1957இல் விடுதலை பெற்ற காலத்தையொட்டிப் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளரே தோட்டம் வாங்கி உரிமையாளராகட்டும் என்னும் எண்ணத்தோடு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அம்முயற்சி சில தோட்டங்களைக் காத்தது. ஆயின், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். இரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. வடசிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த வரலாற்றை நாடு அறியும். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது.

மக்கள் பெயர்ந்தனர், கோயில் நின்றது. முன்னர்க் கூறிய பட்டாச் சிக்கல் அப்போதுதான் தலைதூக்கியது. நூறாண்டு வழிபாடு நடந்த இடம், சட்டத்தின் முன் பிறர் நிலத்தில் நிற்கும் கட்டடமாயிற்று. சுபாங் ஜெயாவின் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயில் தொடர்பாக 2018 நவம்பரில் கலவரம் மூண்டது. அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னர் உயிர் நீத்தார். இத்துயரம் எவர்க்கும் மீண்டும் நேரலாகாது. அதற்குரிய வழி, உள்ள கோயில்களின் நில ஆவணங்களைக் காலத்தே முறைப்படுத்துவதேயாம்.

கோயில் கட்டடத்தைக் காப்பது ஒரு பணி. அதனுள் நிகழும் வாழ்வைக் காப்பது மற்றொரு பணி. இன்று பல தோட்டக் கோயில்கள் முன்னையினும் அழகாக விளங்குகின்றன. கோபுரம் உயர்ந்துள்ளது, தாயகத்துச் சிற்பியர் வந்து வேலை செய்கின்றனர், குடமுழுக்கு முறையாக நடைபெறுகின்றது, பூசைக்கு அயல்நாட்டிலிருந்து குருக்கள் வருகின்றார். நகருக்குச் சென்றவர்கள் திருவிழா நாளில் வண்டி வண்டியாகத் திரும்பி வருகின்றனர். சித்திரா பௌர்ணமி என்றால் தெலுக் இந்தான் நகரத்தார் கோயிலில் கூட்டம் அலைமோதுகின்றது. மகிழத்தக்க காட்சிகளே இவை. ஆயினும், அன்று பூசாரியாகவும் பாடகராகவும் கூழ் காய்ச்சுவோராகவும் இருந்த மக்கள், இன்று பணம் செலுத்திச் சீட்டுப் பெற்று வரிசையில் நிற்போராகி வருகின்றனர். உறுமி மேளக் குழுக்களில் இளைஞர் திரளாகச் சேர்வது ஒரு நல்ல விதிவிலக்கு. அவர்களுள்ளும் அம்மன் வருணிப்பைப் பொருளுணர்ந்து பாடக்கூடியவர் எத்துணையர் என்பது சிந்தித்தற்குரியது.

பிற நாடுகள் தரும் பாடம்

மொழி மறைந்தால் சமயம் மறைந்துவிடுமா? மறைந்தே தீரும் என்று கூறுதல் உண்மையாகாது. உலகின் வேறு பகுதிகளில் குடியேறிய தமிழர் வரலாறு இதற்குச் சான்று.

கரிபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்கு 1853 முதலும், குவாதலூப்புக்கு 1854 முதலும் தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் வழித்தோன்றல்கள் இன்று பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். ஆயினும் மதுரை வீரன் அங்கு ‘மால்தேவிதான்’ என்றும், மாரியம்மன் ‘மாலியெமின்’ என்றும் வழிபடப்படுகின்றனர். சடங்கு வாழ்கின்றது. ஆனால், பாடலின் பொருளைச் சொல்வார் அரியர். தெய்வத்தோடு பேசும் உரிமை, மனப்பாடமாகச் சொற்களைக் காத்துவரும் ஒரு சிலரிடமே தங்கிவிட்டது. வழித்தோன்றல்களுட் பலர் கத்தோலிக்கராயினர்.

மொரீசியசில் தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை உண்டு. ஆயினும், அங்குள்ள தமிழர் இல்லங்களில் கிரியோலே ஒலிக்கின்றது. 1860இல் முதற்கப்பல் சென்ற தென்னாப்பிரிக்காவில், தேவாரத்தை உரோமன் எழுத்தில் அச்சிட்டுப் பாடுவோர் உளர். அவர்தம் பற்றினை நாம் வணங்குதல் வேண்டும். நிலைமையினின்று பாடமும் பெறுதல் வேண்டும். பீஜித் தீவில் 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், கோயிலோடு பள்ளிகளையும் நடத்தும் பொறுப்பை ஏற்றது. சமயத்தைக் கல்வியினின்று பிரித்தலாகாது என்பதை அவர்களும் உணர்ந்திருந்தனர்.

சிலாங்கூரிலும் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு. ஆனால் மொரீசியசுக்கு இல்லாத ஒரு செல்வம் நமக்கு உண்டு. அது தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட அரசாங்கத் தொடக்கப்பள்ளி. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள், இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுள்ளும் தோட்டத்துப் பள்ளிகள் பல விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு நடைபெறுகின்றன; சில, மாணவர் உள்ள இடங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன. பள்ளி நேரத்தில் முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்வியும் ஏனையோர் நன்னெறிக் கல்வியும் பயில்வர். இந்து சமயம் ஒரு பாடமாக இல்லை. ஆகவே, சமயத்தைக் கற்பிக்கும் பொறுப்பு இல்லத்துக்கும் கோயிலுக்கும் உரியது. அப்பொறுப்பை அவை நிறைவேற்றத் துணை செய்யும் மொழியைத் தருவது நம் பொறுப்பு.

செய்யத்தக்கன

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலக்கூடிய பணிகள் மூன்றினை இங்கு முன்வைக்கின்றேன்.

முதலாவது, கோயில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு. கோபுரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். திருமுறையோடு மாரியம்மன் தாலாட்டும் வீரன் கதையும் அங்கே இடம்பெறல் வேண்டும். நம் பாட்டியர் பாடியது தாழ்ந்தது என்று கருதி விலக்குவோமாயின், பிள்ளைகள் தம் வீட்டிலிருந்தே அயன்மையுறுவர்.

இரண்டாவது, வழிபாட்டில் பிள்ளைகட்குப் பங்களித்தல். விளக்கேற்றுதல், பதிகம் பாடுதல், கதை படித்தல், அன்னதானத்தில் பரிமாறுதல் ஆகியவற்றை அவர்கள் செய்தல் வேண்டும். கண்டு மட்டும் வளர்ந்த பிள்ளை மறந்துவிடும். கையால் செய்து வளர்ந்த பிள்ளை மறவாது.

மூன்றாவது, வரலாற்றைத் தொகுத்தல். பழைய நன்கொடைப் பலகைகள், திருவிழா அழைப்பிதழ்கள், அடிக்கல்லில் பொறித்த ஆண்டுகள், கோயில் கணக்கேடுகள் ஆகியன பெரும்பாலும் தமிழில் உள்ளன. தோட்ட அலுவலகத்தின் ஆவணங்கள் நம் முன்னோரை எண்களாகவே பதிவு செய்தன. அவர்களைப் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்தது கோயிலே. ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு குறிப்பேட்டோடு தம் தோட்டத்துக் கோயிலுக்குச் சென்று, அங்குள்ள முதியவரிடம், “தாத்தா, இந்தச் சாமியை எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள்?” என்று கேட்கட்டும். அவர் கூறுவதை எழுதி வரட்டும். அதுவே வரலாற்றுப் பாடம். தமிழ்ப் பாடமும் ஆகும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நம் சமய வாழ்வை இங்கு வாழவைத்தது, மக்கள் தாமே பங்கேற்றுத் தம் மொழியில் தம் தெய்வத்தோடு பேசிய வழக்கம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு மக்களுள் 6.1 விழுக்காட்டினர் இந்துக்கள். எண்ணிக்கை சிறிதாயினும், அவ்வழக்கம் நீடிக்குமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. சபாக் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பத்துக் குடும்பங்களே எஞ்சியிருக்கலாம். அவற்றுள் ஒரு பிள்ளையேனும் அம்மன் முன் நின்று, பிறர் துணையின்றித் தமிழில் பாடக் கற்றிருக்குமாயின், அக்கோயில் வாழும் கோயிலே. அப்பிள்ளையை ஆளாக்கும் பணி நம் வகுப்பறையில் தொடங்குகின்றது.